ஆழம் குறைந்த வளைகுடா: மன்னார்க் கரையின் முஸ்லிம் ஊர்களும் கேம்பல் பே வழியாகச் சென்ற கடல்வழியும்

தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் நடுவே கிடக்கும் மன்னார் வளைகுடா, வடக்கே ராமேசுவரம் தீவிலிருந்து மன்னார்த் தீவு வரை நீளும் மணல்திட்டுகளால் பாக் விரிகுடாவிலிருந்து பிரிக்கப்பட்டு, தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்திருக்கிறது. ராமர் பாலம் என்றும் ஆதம் பாலம் என்றும் வழங்கும் இத்திட்டுகளுக்கு இடையே பல இடங்களில் ஆள் நின்று நடக்கும் அளவுக்கே நீர் உண்டு. அங்கிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடைப்பட்ட நீர் சில மீட்டர் ஆழமே உடையது. பெரிய கப்பலுக்கு உதவாத இந்தக் கடல்தான், காயல்பட்டினம், கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, பாம்பன் என்று தமிழ்க் கரையிலும், எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை, கற்பிட்டி, புத்தளம் என்று இலங்கைக் கரையிலும் முஸ்லிம் ஊர்கள் தோன்றி நிலைபெறக் காரணமாக இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்வூர்களின் வரலாற்றை அரபு நாட்டோடும் அரசர்களோடும் மட்டுமே பொருத்திப் படிப்பது வழக்கமாகிவிட்டது. கடலடி எவ்வளவு ஆழத்தில் இருந்தது, காற்று எந்த மாதத்தில் எத்திசையில் வீசியது என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அவ்வரலாறு முழுமையாகப் புரியும்.

முதலில் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, ராமர் பாலத்துக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடா ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. அக்டோபருக்குப் பின் வாடைக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாக மாறி, வடபுறம் குமுற, தென்புறம் தணிகிறது. ராமேசுவரத்துக்காரர்கள் தென்புறக் கடலை ஆண் கடல் என்றும் வடபுறக் கடலைப் பெண் கடல் என்றும் அழைப்பது இந்த வேறுபாட்டை அறிந்துதான். பாம்பனிலும் மண்டபத்திலும் உள்ள மீனவர், காற்று மாறும்போது படகையும் வலையையும் ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்கு மாற்றிக்கொள்கின்றனர். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில், மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில், வளைகுடா தெளிந்து அமைதியடையும் குறுகிய காலம் ஒன்று உண்டு. முத்துக்குளிப்புக்கு உரிய காலம் அதுவே.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைக் கரையோர மக்கள் பார் என்பர். மணலுக்கு நடுவே கல்லும் செத்த பவளமும் படிந்து கடினமான தளமாக அமைந்த இப்பார்கள், தூத்துக்குடிக்கு எதிரிலும் சிலாவத்துறைக்கு எதிரிலும், பெரும்பாலும் 10 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. மூச்சை அடக்கி, காலில் கல் கட்டி இறங்கும் மனிதனால் எட்ட முடிந்த ஆழம் ஏறத்தாழ இதுவே. கடல் இன்னும் சில பத்து மீட்டர் ஆழமாக இருந்திருந்தால் பாண்டியர் முத்து என்ற ஒன்றே உலகச் சந்தைக்கு வந்திருக்காது. சிப்பி விளைந்ததைப் பார்த்து உறுதிசெய்த பின் அரசு அறிவித்து நடத்தும் குளிப்புக் காலம் சலாபம் எனப்பட்டது. ஒவ்வொரு படகுக்கும் சம்மாட்டி எனப்படும் தலைவர் இருந்தார். கயிற்றைப் பிடித்துக் குளிப்பாளியை மேலே இழுப்பவர் தனியே இருந்தார். பரவர்களும் முஸ்லிம்களும் இத்தொழிலின் இரு பெரும் குளிப்பாளிச் சமூகங்களாக விளங்கினர். கீழக்கரை முஸ்லிம் குளிப்பாளிகள் இரண்டு கரைகளின் சலாபங்களிலும் பெயர் பெற்றிருந்தனர். சலாபம் முடிந்த மாதங்களில் அதே கைகள் சங்கு எடுத்தன. வங்காளத்தில் வளையலாக அறுக்கப்பட்ட சங்கின் பெரும்பகுதி இக்கடலிலிருந்து போனது.

சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. பல ஆண்டுகள் பார் வெறுமையாகக் கிடந்து, திடீரென ஓராண்டு நிறைந்துவிடும். 1905ஆம் ஆண்டு இலங்கைச் சலாபத்தில் கிடைத்த பெரும் வருவாயைக் கண்ட பிரித்தானிய அரசு, மறு ஆண்டே பார்களை லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட, சில ஆண்டுகளுக்குள் சிப்பி அற்றுப்போய் அந்நிறுவனம் கலைந்தது. தூத்துக்குடிப் பகுதியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல். விளைவை நம்பியிருக்க முடியாத இத்தொழிலை மட்டும் கொண்டு ஓர் ஊர் வாழ முடியாது என்பதால்தான், வளைகுடாவின் முஸ்லிம் ஊர்கள் குளிப்பையும் கப்பலோட்டத்தையும் வணிகத்தையும் ஒருங்கே நடத்தின என்று கொள்ள இடமுண்டு.

ஆழமின்மை முத்தைக் கொடுத்தது. துறைமுகத்தை எடுத்துக்கொண்டதும் அதுவே. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர, சங்ககாலப் பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூராகிவிட்டது. அதன் வாணிகம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் இருந்த காயலுக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வருணித்த துறைமுகம் இதுதான். பின்னர் அதுவும் தூர்ந்து, இன்று பழையகாயல் என்ற பெயரோடு உள்நாட்டு ஊராக இருக்க, முஸ்லிம் வணிகரின் முதன்மை ஊராகத் தெற்கே திறந்த மணற்கரையில் உள்ள காயல்பட்டினம் நிலைத்தது. வடக்கே பெரியபட்டினத்திலும் இதுவே நடந்திருக்கிறது. 1980களில் அங்கு நடந்த ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. நொபொரு கராஷிமா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவ்வூரின் அயலக வாணிகத்தை அவற்றைக் கொண்டு நிறுவினர். அவ்வூரும் ஒடுங்கியபின் கீழக்கரை எழுந்தது. துறைமுகம் இடம்பெயர்ந்தபோதெல்லாம் பள்ளிவாசலும் குடும்பமும் கணக்குப் புத்தகமும் கூடவே பெயர்ந்தன. ஒரே ஊரில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவர்களாக இவர்களைக் காண்பதைவிட, ஒரே கடலில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவர்களாகக் காண்பது உண்மைக்கு நெருக்கமானது.

இவர்கள் பாண்டிய அரசுக்கு அயலாராகவும் இருக்கவில்லை. பவித்திரமாணிக்கபட்டினத்திலிருந்த சோனகர் பள்ளிவாசலுக்கு நிலமும் வருவாயும் விடப்பட்ட செய்தியை, திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு கூறுகிறது. சோனகர் என்பது அக்காலத்தில் அரபு மரபினரான முஸ்லிம்களைக் குறித்த சொல். ஒரு பள்ளிவாசலின் உரிமை வைணவத் தலத்தின் சுவரில் காக்கப்பட்டிருப்பது இக்கரையின் சமூக உறவுகளுக்கு மிக வலுவான சான்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாவிலிருந்து மாபரின் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வரை வந்ததாகவும், தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்பவர் பாண்டியனின் அமைச்சராக இருந்து காயல் முதலிய துறைமுகங்களை நிருவகித்ததாகவும் எழுதுகிறார். மாபர் என்பது அரபியர் சோழமண்டலக் கரைக்கு இட்ட பெயர். குதிரை இந்த நாட்டில் இனப்பெருக்கம் செய்து நிலைக்காததால், அரசனுக்குக் கடல் வணிகரைச் சார்ந்திராமல் இருக்க வழியில்லை.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தபோது முத்துப்பார்களின் மீதான உரிமைப் போட்டி சமயப் போட்டியாகவும் உருமாறியது. முஸ்லிம் வணிகரோடு மோதிய பரவர், 1530களின் நடுவில் போர்த்துகீசியரின் காவலை நாடிக் கத்தோலிக்கராயினர். 1538இல், மரைக்காயர் எனப்படும் கடல்வணிக முஸ்லிம்களில் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர்களின் கப்பற்படை வேதாளைக் கரையில் போர்த்துகீசியரிடம் தோற்றது. பாம்பனுக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர்க் கரையை அந்தப் போர் தேடி வந்ததன் காரணம், ராமேசுவரம் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையிலான பாம்பன் கால்வாயின் தென்முகத்தை யார் வைத்திருக்கிறாரோ அவரே வளைகுடாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையிலான சிறுகப்பல் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதே.

1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய மூன்றையும் கைப்பற்றிய ஒல்லாந்தரால்கூட இந்த வழியை முழுதும் அடைக்க முடியவில்லை. அவர்களுடைய பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. பாம்பன் வாயிலில் புகுந்து போகும் சிறிய மரக்கலங்களோ கீழக்கரை மரைக்காயர்களிடம் இருந்தன. அவ்வாயில் சேதுபதி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் வாழ்ந்த பெரியதம்பி மரைக்காயர், கிழவன் சேதுபதியின் நெருங்கிய துணையாக எழுந்து, ஒல்லாந்தருக்கு ஈடாக வணிகம் நடத்தியது இந்தச் சூழலில்தான். தமிழ் மக்கள் அவரைச் சீதக்காதி என்ற பெயரில், கொடை வள்ளலாக, உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்குத் துணைநின்றவராக நினைவில் வைத்திருக்கின்றனர், அது சரியானதே. ஆனால் அந்தக் கொடைக்கு வேண்டிய செல்வம், ஆழமில்லாத ஒரு கால்வாயின் நெளிவுசுளிவுகளை அறிந்த மாலுமிகளின் தேர்ச்சியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இரு கரைகளின் முஸ்லிம்களுடைய சமூக அமைப்பிலும் கடலின் அடையாளம் தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் உள்நாட்டு முஸ்லிம்களான ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி சட்டமரபைப் பின்பற்ற, கடற்கரை மரைக்காயர்கள் ஷாபி மரபினர். ஏமன், கேரளம், இலங்கை, மலாய் நாடுகள், அச்சே ஆகியவற்றின் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாபி மரபினரே. சட்டமரபுகளின் வரைபடத்தை வரைந்தால், அது அரசுகளின் எல்லையோடு பொருந்தாமல் பருவக்காற்றுக் கப்பல்களின் வழியோடு பொருந்தும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ், வளைகுடாவின் இரு கரைகளிலும் சமயக் கல்வியின் மொழியாக வளர்ந்தது. கீழக்கரையில் மதரசா நிறுவிய மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) இலங்கையிலும் பயணம் செய்து மாணவர்களையும் சீடர்களையும் பெற்றார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணத்துக்குப் பின் மணமகன் மனைவி வீட்டில் வாழ்வதும், வீடு மகளுக்குச் சேர்வதும் வழக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இதை ஒத்த முறை உண்டு. ஆண்டின் பெரும்பகுதி ஆண்கள் கடலிலும் அயல்துறைகளிலும் இருந்த ஊர்களில், நிலையாக இருந்தவர்கள் பெண்களே என்பதைக் கருதும்போது இவ்வழக்கம் வியப்பாகத் தோன்றாது.

இலங்கைக் கரையில் இந்தக் கடல்வாழ்வு அண்மைக் காலத்தில் மிகக் கொடிய முறையில் முறிக்கப்பட்டது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் வீடும் நிலமும் படகும் இழந்தனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்களில் பலர், குழந்தைகளோடும் முதியவர்களோடும், வாடைக்காற்று தொடங்கும் பருவத்தில், வளைகுடாவின் கிழக்குக் கரையை ஒட்டிப் படகுகளில் தெற்கே சென்று கற்பிட்டியில் இறங்கினர். தலைமுறை தலைமுறையாகச் சலாபத்துக்கும் வணிகத்துக்கும் போய்வந்த நீர்வழி அன்று அகதிகளின் வழியாயிற்று. புத்தளம் மாவட்டத்தில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் பெரியவர்களாகிவிட்டனர். உள்நாட்டுப் போர் முடிந்து மன்னாரின் முசலிப் பகுதிக்குத் திரும்பியவர்களோ, காடு மூடிவிட்ட தங்கள் சொந்த நிலத்துக்கே உரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இக்கடலின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த அநீதியை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடக் கூடாது.

மன்னார் வளைகுடாவின் தனித்தன்மையை அளந்தறிய, கிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில், பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் உள்ள கேம்பல் பேயை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பமண்டல அகலாங்கில் அமைந்தவை. இரண்டிலும் பவளப்பாறை உண்டு. இரண்டும் ஒரே கடல்வழியில் கிடப்பவை. நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரைத் துறைகளிலிருந்து புறப்பட்டு அச்சேக்கும் கெடாவுக்கும் சென்ற, ஐரோப்பியரால் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் கப்பல்கள், தென்மேற்குக் காற்றோடு கிழக்கே போய் வடகிழக்குக் காற்றோடு திரும்பின. பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையிலான கால்வாய் அவ்வழியின் வாயில்களில் ஒன்று. முதலாம் ராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இத்தீவுகளை மாநக்கவாரம் என்று பெயர் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டு அரபுப் பயண நூலில் இவை லங்காபாலூஸ் என்று வருகின்றன. தீவினர் படகில் வந்து தேங்காயையும் அம்பரையும் கொடுத்து இரும்பு வாங்கிச் சென்றனர் என்று அந்நூல் கூறுகிறது. இவ்வளவு காலம் அறிந்திருந்தும், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பள்ளிவாசலும் நாகூர் ஆண்டவர் பேரில் நினைவிடமும் எழுப்பிய அதே தமிழ் முஸ்லிம்கள், பெரிய நிக்கோபாரில் ஓர் ஊரையும் உண்டாக்கவில்லை.

காய்ச்சல் ஒரு காரணம். தரங்கம்பாடியிலிருந்து 1756இல் இத்தீவுகளுக்குக் குடியேற்றக்காரர்களை அனுப்பிய டென்மார்க்காரர், ஒரு நூற்றாண்டு முயன்றும் நோயால் மாண்டு கைவிட்டனர். அதைவிட முதன்மையான காரணம் கடலடியில் இருக்கிறது. மன்னார் வளைகுடா, ஆறுகள் வண்டல் கொட்டும் பழைய நிலத்தட்டின் ஓரம்; பெரிய நிக்கோபாரோ ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழே அமிழும் எல்லையில் கடலிலிருந்து எழுந்த மலைமுகடு. அதன் கரையோரப் பாறைத்தட்டைக் கடந்ததும் கடல் விரைந்து ஆழமாகிறது; மனிதன் மூச்சடக்கி எட்டும் ஆழத்தில் பரந்த பார்கள் இல்லை; கரைக்குப் பின்னால் நெல்லும் துணியும் தரும் நாடு இல்லை; காட்டில் ஷோம்பென்களும் கரையில் நிக்கோபாரியரும் தங்களுக்கு வேண்டிய அளவில் வாழ்ந்தனர். கப்பலுக்குத் தண்ணீரும் தேங்காயும் போதும், தங்குவதற்குக் காரணம் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் குஜராத்தி முஸ்லிம் வணிகர் நிக்கோபார்த் தீவுகளின் கொப்பரை வணிகத்தில் ஈடுபட்டதும் இந்த வகையான வந்துபோகும் வணிகத்தின் தொடர்ச்சியே. கேம்பல் பே இன்றுள்ள ஊராக உருவானது 1969 முதல் இந்திய அரசு முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியேற்றிய பிறகுதான். தமிழ், பஞ்சாபி, மலையாளம், தெலுங்கு, மராத்தி பேசும் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. அதே நாளில் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையின் மறைவில் இருந்ததால், மன்னார் வளைகுடாவின் தமிழ்க்கரை நாகப்பட்டினத்தைப் போன்ற பேரழிவைச் சந்திக்காமல் தப்பியது.

நீராவிக் கப்பலின் காலம் வந்ததும் ஆழமின்மை பயன் என்ற நிலை போய்க் குறை என்றாயிற்று. பாம்பன் கால்வாயை வெடிவைத்து அகலப்படுத்தியும், பெரிய கப்பல்கள் கொழும்புக்கே சென்றன. தோணி எனப்படும் பாய்மரச் சரக்குக் கலங்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடினாலும், மரைக்காயர்களின் நெடுந்தூரக் கப்பலோட்டம் தேய்ந்தது. ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச்செல்ல மரப்படகு கட்டியவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மரைக்காயர். ஒரு காலத்தில் அச்சே வரை கலம் செலுத்திய சமூகத்துக்கு அப்போது எஞ்சியிருந்த கப்பல் தொழில் பெரும்பாலும் இந்த அளவினதே. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததும் தலைமன்னாருக்கான கப்பல் தொடர்பு அங்கே முடிந்தது. கீழக்கரையினர் கொழும்பில் இரத்தினக்கல் வணிகத்திலும், பின்னர் பாரசீக வளைகுடாவிலும் வாழ்வைத் தேடினர். கீழக்கரையில் 1927இல் பிறந்த பி.எஸ். அப்துர் ரகுமான் துபாயில் பெருந்தொழில் குழுமத்தைக் கட்டியெழுப்பி, சீதக்காதியின் பேரில் அறக்கட்டளை நிறுவினார். குளிப்பாளிகளின் வழிவந்தவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் கீழக்கரை, பெரியபட்டினம் கடலில் சங்கு எடுக்கின்றனர். தீவுகளைச் சுற்றிய திட்டுகளில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பல சமூகத்தவர்.

இவர்களுடைய பிழைப்பைத் தாங்கும் அதே ஆழமற்ற கடலடியைக் கப்பல் கால்வாய்க்காகத் தோண்டும் சேதுசமுத்திரத் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது: 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். ராமர் பாலத்தை வெட்டக் கூடாது என்ற வழக்கால் 2007இல் அப்பகுதியில் தோண்டுதல் நின்றது. சமய நம்பிக்கையைச் சுற்றி நாடு முழுவதும் நடந்த அந்த வாதத்தில், பார்களும் பாசித்திட்டுகளும் அவற்றில் வாழ்வோரும் மிகக் குறைவாகவே பேசப்பட்டனர். கேம்பல் பேக்குத் தெற்கே கலத்தியா விரிகுடாவில் கதை மறுபுறமாக நடக்கிறது. அங்கே தோண்டாமலே 20 மீட்டருக்கு மேல் ஆழம் உண்டு என்பதையே முதன்மையான தகுதியாகக் காட்டி, மலாக்கா நீரிணை வழியே செல்லும் கப்பல்களுக்கான பெருந்துறைமுகத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. பேராமைகள் முட்டையிடும் அக்கரையின் சரணாலயத் தகுதி 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மன்னார் வளைகுடாவும் பெரிய நிக்கோபாரும் உயிர்க்கோளக் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டது ஒரே ஆண்டில், 1989இல். முந்தையதில், தேசியப் பூங்காத் தீவுகளை நெருங்கி வெறுங்கையால் பாசி பறிக்கும் பெண் வனத்துறையின் தடைக்கு ஆளாகிறார்; பிந்தையதில், 2004இல் ஊர்களை இழந்து முகாம்களில் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர், தங்கள் மூதாதையர் கரைக்குத் திரும்பக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கின்றனர்.